கோபுரத்துக்கு எந்த லென்ஸ்? 4×5 கேமராவுக்குப் பழைய வைட் ஆங்கிள் வாங்குவது பற்றி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். 4×5 அங்குல மர ஃபீல்டு கேமரா ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது, கூடவே ஒரு 150 மி.மீ. லென்ஸ். இருப்பது அம்பாசமுத்திரம். தென்காசி கோபுரம், கல்லிடைக்குறிச்சி வீடுகளின் முற்றமும் பட்டாசலும், கிருஷ்ணாபுரம் கோயில் மண்டபம், பாபநாசத்துக்கு மேலே மலை, இவற்றையெல்லாம் எடுக்க ஆசை. 150 போதவில்லை. புது லென்ஸ் வாங்கக் கையில் காசில்லை. பழசில் எதை வாங்குவது, 90-ஆ 65-ஆ (மி.மீ. எண் குறையக் குறையப் பார்வை அகலும்), ஷ்னைடர் கம்பெனியின் விலை குறைந்த ஆங்குலான் லென்ஸே போதுமா என்பது கேள்வி.

என் பதில்: 90 மி.மீ., எஃப்/8, நன்றாக ஓடுகிற ஷட்டரோடு. (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது.) ஆங்குலான் மலைக்குப் போதும், கோபுரத்துக்குப் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

35 மி.மீ. கேமராவில் லென்ஸ் வாங்கும்போது எவ்வளவு அகலம் தெரியும் என்று மட்டும் பார்த்தால் சரி. 4×5 மாதிரிப் பெரிய ஃபிலிம் கேமராவில், அதாவது லார்ஜ் பார்மட்டில், அதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். லென்ஸ் பின்னால் விழவைக்கும் பிம்பம் ஒரு வட்டம். இமேஜ் சர்க்கிள் என்பது அதுதான். ஃபிலிம் அந்த வட்டத்துக்குள் இருக்கும் செவ்வகம். தாம்பாளத்தில் வைத்த சீட்டை மேலும் கீழும் நகர்த்துவது போல, வட்டம் பெரிதாக இருந்தால்தான், கேமராவை அசைக்காமல் முன் சட்டத்தோடு லென்ஸை மட்டும் ஏற்றி இறக்க இடம் கிடைக்கும். 4×5 ஃபிலிமில் உண்மையில் படம் விழும் இடம் ஏறக்குறைய 96×120 மி.மீ. அதன் மூலைவிட்டம் 154 மி.மீ. வட்டமும் 154 என்றால் ஃபிலிம் விளிம்போடு விளிம்பாக நிற்கும். லென்ஸை ஐந்து மி.மீ. ஏற்றினாலும் மூலை இருட்டிவிடும்.

ஷ்னைடர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப்/6.8 லென்ஸின் வட்டம், எஃப்/16-இல், சரியாக அந்த 154. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

இப்போது தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது நிலை, ஏறக்குறைய 180 அடி, அதாவது சுமார் 55 மீட்டர். கேமராவை அண்ணாந்து சாய்த்தால் கோபுரம் பின்பக்கம் விழுவது போல வரும், இரண்டு ஓரமும் மேலே குவியும். அதனால் கேமராவை மட்டமாக வைக்க வேண்டும். ஃபிலிமை நெட்டுக்கு வைத்து, கேமராவை ஆள் உயரத்தில் நிறுத்தி, லென்ஸை ஏற்றாமல் எடுத்தால், 150 மி.மீ.யில் கலசம் படத்துக்குள் வர 130 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். அவ்வளவு தூரம் போனால் நடுவில் கடை, மின்கம்பி, பந்தல், பஸ் எல்லாம் வந்துவிடும். 90 மி.மீ.யில் 80 மீட்டர் போதும். ஆனால் அப்போதும் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தார் ரோடுதான்.

லென்ஸை 30 மி.மீ. ஏற்றிப் பாருங்கள். 90 மி.மீ.யில் அதே கலசம் 54 மீட்டரிலேயே உள்ளே வந்துவிடும், கீழே ரோடும் பாதியாகக் குறையும். இதற்குத் தேவைப்படும் வட்டம் 204 மி.மீ. ஆங்குலானுக்கு அந்தப் பேச்சே இல்லை. அதே ஷ்னைடரின் சூப்பர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப்/8-க்கு வட்டம் 216, அதில் நெட்டுவாக்கில் 36 மி.மீ. வரை ஏற்றலாம். நிக்கான் கம்பெனியின் நிக்கார் எஸ்.டபிள்யூ. 90 மி.மீ. எஃப்/8-க்கு 235, அதில் 47 மி.மீ. வரை போகலாம். கோபுரமும் தேரோடும் வீதியும் எடுக்க நினைப்பவருக்கு இந்த மில்லிமீட்டர்களுக்குத்தான் காசு.

வாங்குவதற்கு முன்னால் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஒரு அட்டையில் 96×120 மி.மீ. அளவில் சன்னல் வெட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையை இன்னொரு கண்ணிலிருந்து 9 செ.மீ. தூரத்தில் செங்குத்தாகப் பிடித்தால் தெரிவது 90 மி.மீ. லென்ஸின் பார்வை. 15 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 150-இன் பார்வை. கண் உயரத்திலிருந்து சன்னலின் நடுவை 3 செ.மீ. மேலே தூக்கினால் 30 மி.மீ. ஏற்றிய படம். நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் இந்த அட்டையோடு ஒரு காலை நடந்து வாருங்கள். எந்த இடத்தில் நின்றால் எது உள்ளே வரும் என்று பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும். லென்ஸ் பட்டியலைப் பார்ப்பதை விட இது பலன் தரும்.

65 மி.மீ. பற்றி. அகலம் ஆசை காட்டும்தான். ஆனால் விலை குறைந்த பழைய 65-களில் வட்டம் 4×5-ஐ மூடுவதே பெரிய விஷயம், ஏற்ற இடமிருக்காது. மூலையில் வெளிச்சம் விழுவதும் ரொம்பக் குறையும். மர ஃபோல்டிங் கேமராவில் பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் உள்ள மடிப்புத் துருத்தி) அவ்வளவுக்குச் சுருங்குமா என்பதும் சந்தேகம். முதல் வைட் ஆங்கிளாக 65 வேண்டாம்.

சரி, எந்தெந்தப் பெயர்களைத் தேடுவது? நான்கு கம்பெனிகளின் 90 மி.மீ. லென்ஸ்கள் நம் கைக்கு எட்டுகிறவை. ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் எஃப்/8, ஃபுஜினான் எஸ்.டபிள்யூ. எஃப்/8, இரண்டுக்கும் வட்டம் 216. ரோடன்ஸ்டாக் கிராண்டகான்-என் எஃப்/6.8, வட்டம் 221. நிக்கார் எஸ்.டபிள்யூ. எஃப்/8, வட்டம் 235. நான்கிலும் ஃபில்டர் 67 மி.மீ. என்பதால் ஒரே சிவப்பு ஃபில்டர், ஒரே மஞ்சள் ஃபில்டர் வைத்துக் காலம் தள்ளலாம். எஃப்/22-இல் எடுத்த நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எந்த லென்ஸ் என்று சொல்வது கஷ்டம். எது நல்ல நிலையில், நல்ல விலையில் முதலில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். பொதுவாக மலிவாகக் கிடைப்பது சூப்பர் ஆங்குலான்தான், 1950களிலிருந்து நிறையச் செய்து தள்ளியிருக்கிறார்கள். பழைய ஒற்றைக் கோட்டிங் (கண்ணாடியில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு) உள்ளதைக் கண்டு பயப்பட வேண்டாம், வெயில் நேராகக் கண்ணாடியில் படாமல் ஒரு அட்டையால் நிழல் பிடித்தால் போதும். நிக்காருக்கு விலை சற்றுக் கூட இருக்கும். கோபுரம்தான் முதல் ஆசை என்றால் அந்தக் கூடுதல் காசுக்கு அது தகும்.

இன்னொரு பெயர் கால்டார். கேலுமெட் என்ற அமெரிக்க வியாபாரிகள் வெவ்வேறு கம்பெனிகளிடம் லென்ஸ் வாங்கித் தங்கள் பெயர் போட்டு விற்றார்கள். அதில் 'கால்டார் II-என்' என்று எழுதியிருக்கும் 90 மி.மீ. எஃப்/6.8, ரோடன்ஸ்டாக் கிராண்டகான்-என்தான். பெயருக்காக விலை குறைவாகப் போகும். கண்ணில் பட்டால் விடாதீர்கள். வெறும் 'கால்டார்' என்றால் அது யார் செய்தது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எஃப்/5.6, எஃப்/4.5 வகைகளும் உண்டு. ஃபோகஸ் பார்க்கும் பின்பக்க மங்கல் கண்ணாடி, அதாவது கிரவுண்ட் கிளாஸ், வெளிச்சமாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஃபில்டர் அளவு 82 மி.மீ.க்குப் போய்விடும், கனமும் விலையும் ஏறும். மர கேமராவின் முன் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்கித் தளராமல் நிற்க வேண்டும். மண்டபத்துக்குள்ளேயே அதிகம் வேலை செய்கிறவருக்கு அது சரி. உங்களுக்குத் தேவையில்லை.

ஆங்குலானை நான் ஒதுக்கிவிடவில்லை. உள்ளங்கையில் அடங்கும் லென்ஸ் அது. கேமராவை மடிக்கும்போது பலவற்றில் உள்ளேயே வைத்து மூடிவிடலாம். பாபநாசத்திலிருந்து மேலே ஏறும்போது பையில் ஒவ்வொரு கிராமும் தோளில் தெரியும். மலைக்காட்சிக்கு ஏற்றம் அதிகம் வேண்டாம், துளையை எஃப்/22-க்கு அடைத்து எடுத்தால் நல்ல ஆங்குலான் அருமையான படம் தரும். ஆனால் ஒன்றுக்கொன்று தரத்தில் வித்தியாசம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கோட்டிங் இல்லாததை விட, 1950, 60களில் வந்ததைத் தேடுங்கள். லின்ஹாஃப் என்ற கேமரா கம்பெனியின் பெயர் பொறித்தது கிடைத்தால் அது அவர்கள் சோதித்துத் தேர்ந்தது. வொல்லன்சாக் ராப்டார், கிராஃப்லெக்ஸ் ஆப்டார் என்ற பெயர்களில் வரும் அமெரிக்க 90 மி.மீ. எஃப்/6.8 லென்ஸ்களும் ஏறக்குறைய இதே ஜாதி, வட்டத்தில் மிச்சமில்லை. கோடாக் வைட் ஃபீல்டு எக்டார் 100 மி.மீ. எஃப்/6.3-இல் கொஞ்சம் மிச்சம் உண்டு, கோட்டிங்கும் உண்டு. அதன் சூப்பர்மேட்டிக் ஷட்டரைக் கேமராவில் இறுக்குவதற்கு உரிய வளையம் கூடவே வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தனியாகத் தேடினால் அலைச்சல்.

கேமராவில் பொருந்துமா என்பதற்கு வருவோம். ஜீரோ அளவு கோபால் (Copal என்ற ஷட்டர் கம்பெனி) ஷட்டருக்கு, லென்ஸைக் கேமராவில் மாட்டும் பலகையான லென்ஸ் போர்டில் 34.6 மி.மீ. துளை வேண்டும். உங்கள் கேமரா லின்ஹாஃப் டெக்னிக்கா வகை 96×99 மி.மீ. போர்டு எடுக்கும் என்றால் சுலபம், துளையோடு போர்டு தயாராகவே கிடைக்கும். லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றித்தான் போர்டில் மாட்ட வேண்டும். கழற்றும்போது நடுவில் காகிதம் போல மெல்லிய உலோக வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், தொலைத்துவிடக் கூடாது.

90 மி.மீ.யில் பெல்லோஸ் நன்றாகச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஏற்றம் 15, 20 மி.மீ.க்கு மேல் போகாமல் அடம் பிடிக்கும். நடுப்பகுதி உள்ளே பதிந்த, உள்வாங்கிய போர்டு இருந்தால் பெல்லோஸுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். அதுவும் போதாவிட்டால், கேமராவின் படுக்கையையே (இரண்டு சட்டங்களும் நிற்கும் அடிப்பலகை) மேல்நோக்கிச் சாய்த்துவிட்டு, முன் சட்டம் பின் சட்டம் இரண்டையும் தூக்குக்குண்டு பார்த்தது போலச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். லென்ஸ் ஃபிலிமை விடத் தானாக மேலே போயிருக்கும். ஏற்றம் குறைவான கேமராவில் கோபுரம் எடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முடித்ததும் கிரவுண்ட் கிளாஸின் நான்கு மூலைகளையும் பாருங்கள். மூலை வெட்டிய கிளாஸ் என்றால் அந்த ஓட்டை வழியாக லென்ஸை எட்டிப் பார்க்கலாம். எஃப்/22-க்கு அடைத்த துளை முழுசாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு வெளிச்சம் போகிறது. பிறைபோலக் குறைந்தோ, தெரியாமலோ போனால் ஏற்றத்தைக் குறையுங்கள்.

தென்காசியில் இன்னொரு விஷயம் காற்று. கோபுர வாசலில் அடிக்கும் காற்று உங்களுக்கே தெரியும், சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். பெரிய கேமரா அதில் பாய் விரித்த மாதிரி ஆடும். 90 மி.மீ.யில் பெல்லோஸ் குட்டையாக இருப்பது இங்கே ஒரு சௌகரியம். காற்று ஓய்கிற நொடிக்குக் காத்திருந்து எடுங்கள்.

எஃப்/8 லென்ஸில் ஃபோகஸ் பார்ப்பது மண்டபத்துக்குள் சிரமம்தான். கிருஷ்ணாபுரம் மாதிரி இடத்தில் ஒரு சின்ன டார்ச்சைத் தூண் அடியில் வைத்து அந்த ஒளிப்புள்ளியை ஃபோகஸ் பண்ணுங்கள், பிறகு எடுத்துவிடுங்கள். வெளியில் இன்னும் சுலபம்: 90 மி.மீ.யை எஃப்/22-இல் வைத்து 3.8 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 1.9 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். கோயிலுக்குள் எடுக்க அனுமதி உண்டா, ஸ்டாண்ட் வைக்கலாமா என்று போவதற்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அங்கே சிலைகளை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வைட் ஆங்கிளில் மூலைப் பக்கம் வரும் உருண்டையான எதுவும் வெளிநோக்கி இழுபடும். 90 மி.மீ.யில் 4×5-இன் மூலையில் ஒரு உருண்டை ஏறக்குறைய 1.3 மடங்கு நீண்டுவிடும். இது லென்ஸின் குறை இல்லை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அப்படித்தான். அந்த மண்டபத்துத் தூண் சிற்பங்களின் முகங்களை, விரல்களை அப்படி இழுத்துக் காட்டுவது அவற்றைச் செதுக்கியவர்களுக்குச் செய்யும் அநியாயம். சிற்பத்தை நடுப்பக்கம் வைத்து, ஓரங்களில் தரையும் உத்தரமும் வருகிற மாதிரி நில்லுங்கள். ஒரே சிலையை மட்டும் எடுப்பதென்றால் உங்கள் 150-தான் அதற்கு ஏற்றது.

மூலையில் வெளிச்சம் குறைவதும் அதே கணக்குதான். ஆங்குலான் போல எளிய அமைப்புள்ள 90-இல் மூலை, நடுவை விட ஒன்றரை ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). சூப்பர் ஆங்குலான் வகையில் ஏறக்குறைய ஒன்றேகால். 30 மி.மீ. ஏற்றினால் கோபுர உச்சிப் பக்கத்து மூலைகள் இரண்டு ஸ்டாப்பை நெருங்கும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால் அச்சிடும்போதோ ஸ்கேன் செய்த பிறகோ சரிசெய்துவிடலாம். இதைச் சமன் செய்ய, நடுவில் மட்டும் இருண்ட சென்டர் ஃபில்டர் என்று ஒன்று விற்கிறார்கள், அதன் விலையில் இன்னொரு லென்ஸே வாங்கலாம். இப்போதைக்கு அதை நினைக்காதீர்கள்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கண்ணாடியை விட ஷட்டரை முதலில் பாருங்கள். எஃப்/22, 100 ஐ.எஸ்.ஓ. என்றால் நல்ல வெயிலிலேயே 1/50 பக்கம்தான் வரும். ஆகவே நீங்கள் புழங்கப் போவது ஒரு நொடியிலிருந்து 1/60 வரை. 1/500 ஓடாவிட்டால் நஷ்டமில்லை. ஆனால் பழைய ஷட்டரில் மசகு காய்ந்து முதலில் இழுப்பது அந்த மெதுவான வேகங்களையே. விற்பவரிடம் செல்போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் வீடியோ கேளுங்கள், லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து எடுத்தது. 1/4 என்றால் 60 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும், 1/15 என்றால் 16, 1/30 என்றால் 8. 1/30-க்கு 12 ஃபிரேம் வந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே 12 என்றால் வாங்கலாம், போர்டில் ஒரு சீட்டு ஒட்டி எழுதி வைத்துக்கொண்டால் முடிந்தது. ஒரு தடவை 9, மறுதடவை 20 என்று வந்தால் சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழைய கம்பூர் ஷட்டரில் 1/25, 1/50, 1/100 என்று வேகங்கள் இருக்கும், அதனால் கெடுதல் இல்லை. ஷட்டர் இல்லாமல் வெறும் லென்ஸ் மலிவாக வந்தால் ஏமாந்துவிடாதீர்கள், பொருத்தமான ஷட்டர் தனியாக வாங்கினால் மொத்த விலை எங்கோ போய்விடும்.

கண்ணாடியில் டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் கேளுங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். விளம்பரத் தலைப்பில் 'மின்ட்' (புத்தம் புதுசு போல) என்று இருக்கும், கீழே பொடி எழுத்தில் 'லேசான பூஞ்சை' என்று இருக்கும், முழுசாகப் படியுங்கள். புகைமூட்டம் போலத் தெரிந்தால், அது உள்பரப்பு அழுக்கு என்றால் துடைத்தால் போகும், போகாததும் உண்டு. ஷ்னைடர் லென்ஸ்களில் உள்விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். அது உள்பக்கக் கறுப்புப் பெயின்ட் உரிவது, படத்துக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆங்குலான் என்றால் ஒட்டுப் பிரிந்திருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். முன்னும் பின்னும் மும்மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது அது. ஓரத்தில் வானவில் நிறமோ குமிழியோ தெரிந்தால் ஒட்டு விடுகிறது என்று பொருள். முன் கண்ணாடியில் இரண்டு மெல்லிய கீறல் இருந்தால் கவலை வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் வரியும் கூரியர்காரர் கேட்கும் கட்டணமும் சேரும். கையிருப்பு முழுவதையும் லென்ஸ் விலைக்கே ஒதுக்கிவிடாதீர்கள். சென்னை, பெங்களூரில் பழைய ஸ்டூடியோக்கள் மூடும்போது வெளிவருவதும் உண்டு. நேரில் பார்த்து வாங்க முடிந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

வந்தவுடன் விலை உயர்ந்த ஃபிலிமில் சோதிக்க வேண்டாம். எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கி, சிவப்பு விளக்கில் 4×5-க்கு வெட்டி ஹோல்டரில் போடுங்கள். இரண்டு பக்கமும் மருந்து பூசியது என்பதால் கழுவும்போது சீக்கிரம் கீறும், தட்டில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். சிவப்பு அதற்குத் தெரியாது, கோயில் மதிலின் காவிப் பட்டை கன்னங்கரேலென்று வரும், அது லென்ஸின் குற்றமில்லை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தின் முன்னால் போய் நின்று, எஃப்/22-இல், கேமரா தருகிற முழு ஏற்றத்தோடு ஒரு ஃபிலிம், ஏற்றாமல் ஒரு ஃபிலிம். இரண்டையும் உருப்பெருக்கியில் மூலை மூலையாகப் பார்த்தால் இந்த லென்ஸ் உங்களுக்கு எதுவரை உழைக்கும் என்று தெரிந்துவிடும். திரும்பக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர் ஈரத்தில் லென்ஸைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்கக் கூடாது, பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடுங்கள். ஷட்டரை இழுத்துவிட்ட நிலையிலேயே வைத்துவிடாமல், தட்டி விடுவித்த பிறகே டப்பாவை மூடுங்கள். லென்ஸ் முடிவானதும் கேமராவின் பெயரையும் போர்டு அளவையும் எழுதுங்கள், உள்வாங்கிய போர்டு வேண்டுமா, சாதாரண போர்டே போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.